பள்ளியில் உதவி கேட்பது எப்படி? கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு

வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறான், ஒருமுறை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்கிறான், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி தாண்டுவதற்குள் வியர்த்துவிடுகிறது, டைரியில் 'கவனக்குறைவு', 'வீட்டில் படிக்க வைக்கவும்' என்று சிவப்பு மையில் வந்துகொண்டே இருக்கிறது. இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, என்று தெரிந்தது மூன்றாம் வகுப்பில். இப்போது ஒன்பதாவது படிக்கிறான். நடுவில் இரண்டு பள்ளிகள், ஒரு ஃபைல் நிறையக் காகிதம். எதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமலே ஆரம்பத்தில் நிறைய நாள் போய்விட்டது, உங்களுக்கும் அப்படிப் போகக் கூடாது. நாங்கள் இருப்பது தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில், அதனால் இங்கே நடக்கும் முறையைத்தான் சொல்கிறேன்.

'என் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்று சொன்னால் எந்த ஆசிரியரும் 'சரிம்மா' என்பார். அத்தோடு முடிந்தது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவருக்கு அந்தப் 'பார்த்துக்கொள்வது' என்னவென்று எப்படித் தெரியும்? எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில், என்ன செய்ய வேண்டும் என்று சின்னதாகக் குறிப்பாகக் கேளுங்கள், கேட்டதை எழுதியும் கொடுங்கள். குறைபாடு இருப்பதாக அரசு தரும் சான்றிதழ் வரட்டும் அப்புறம் கேட்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். சான்றிதழ் கட்டாயம் என்பது பெரும்பாலும் பொதுத்தேர்வுச் சலுகைகளுக்குத்தான். முன் பெஞ்சில் உட்கார வைக்க யாரும் சான்றிதழ் கேட்கப்போவதில்லை.

முதலில் வீட்டில் செய்ய வேண்டியது. ஒரு நோட்டு வாங்கி இரண்டு வாரம் கவனித்து எழுதுங்கள், தேதி போட்டு. 'சரியாகவே படிக்க மாட்டேன்கிறான்' என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை, என்ன நடந்ததோ அதை எழுதுங்கள். என் நோட்டில் இருந்து சொல்கிறேன். 'கொடி' என்பதை 'கெடி' என்று படிக்கிறான். ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் மூன்றும் சேர்ந்துதான் ஒரு எழுத்து என்பது அவனுக்குப் பிடிபடவில்லை, கொம்பைப் பார்த்ததும் 'கெ' என்று சொல்லிவிட்டுக் காலை விட்டுவிடுகிறான். 'மோர்' 'மேர்' ஆகிறது. நோட்டில் ஒரே பக்கத்தில் 'பள்ளி' என்ற சொல்லை மூன்று விதமாக எழுதியிருக்கிறான். அப்புறம் இது: ஐந்து வரியைப் பார்த்து எழுத நாற்பது நிமிடம் ஆனது, அதே ஐந்து வரியை நான் வாசித்துக் காட்டியதும் முழு அர்த்தத்தையும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டான். பின்னால் மதிப்பீடு செய்த உளவியலாளர் அதிக நேரம் பார்த்தது இந்தக் குறிப்பைத்தான். உங்கள் பிள்ளையிடமும் ஒரே கேள்வியை எழுத்தில் ஒருமுறை, வாயால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்வதை மொபைலில் பதிவு செய்து வையுங்கள், பரீட்சைப் பேப்பர் இரண்டின் நகலையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். பார்வையோ கேட்பதோ குறைந்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், மதிப்பீட்டுக்குப் போகும்போதும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். அரசுப் பள்ளி என்றால் ஆர்பிஎஸ்கே எனப்படும் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கே வரும். பிறந்ததிலிருந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அவர்கள் பார்க்கிறார்கள், மேல் சோதனை தேவைப்பட்டால் டிஇஐசி எனப்படும் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். எங்கள் ஊரில் அது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கிறது. செலவு இல்லை.

அடுத்தது வகுப்பாசிரியர். சாயங்காலம் கேட்டில் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கும்போது பிடித்துப் பேசாதீர்கள், அவருக்கும் அவசரம் உங்களுக்கும் அவசரம், பிள்ளையும் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான். 'மிஸ், ஒரு இருபது நிமிஷம் உட்கார்ந்து பேசணும், உங்களுக்கு எந்த நாள் வசதி' என்று டைரியில் எழுதி அனுப்புங்கள். போனதும் சட்டம் பேச வேண்டாம். 'வகுப்பில் நீங்கள் என்ன கவனித்தீர்கள்' என்று முதலில் அவரைச் சொல்ல விடுங்கள். என் மகனின் நான்காம் வகுப்பு ஆசிரியை, அவன் அறிவியல் வகுப்பில் கை தூக்குவதையும் தமிழ் வகுப்பில் பென்சில் சீவிக்கொண்டே இருப்பதையும் சொன்னார். எனக்கு அது தெரியாது. அதன் பிறகுதான் நோட்டைக் காட்டினேன்.

கேட்கும்போது மூன்றே மூன்று கேளுங்கள். பத்து கேட்டால் ஒன்றும் நடக்காது, இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு உண்மையிலேயே உதவியவற்றைச் சொல்கிறேன், உங்கள் பிள்ளைக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முன்னால் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. வாசித்தே ஆக வேண்டும் என்றால் எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் வீட்டில் நாலு முறை படித்துக்கொண்டு போவான். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய உதவி, ஏனென்றால் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது இதற்குப் பிறகுதான் நின்றது. போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதி முடிக்காவிட்டால், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி. அறிவியல், சமூக அறிவியல் விடைத்தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது, விடை சரியா என்று மட்டும் பார்க்க வேண்டும். வகுப்புத் தேர்வில் பாதிக் கேள்விகளை வாயால் கேட்டு மதிப்பெண் போடலாம். ஒரே விடையை இருபது முறை எழுதி வரச் சொல்லும் தண்டனை இந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பலனும் தராது, கையும் மனசும் வலிப்பதுதான் மிச்சம். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பேசி முடித்த அன்றே கடிதம் எழுதுங்கள், தலைமை ஆசிரியருக்கு. நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

'ஐயா, வணக்கம். என் மகன் தங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கிறான். அவனுக்கு வாசிப்பதிலும் பார்த்து எழுதுவதிலும் சிரமம் உள்ளது. வாய்மொழியாக நன்றாகப் பதில் சொல்கிறான். முறையான மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்து வருகிறோம். அதுவரை, முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பில் வாசிக்கச் சொல்ல வேண்டாம் எனவும், குறிப்புகளைப் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதிக்குமாறும், மொழிப்பாடம் தவிர்த்த தேர்வுகளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறேன். ஆறு வாரம் கழித்து வகுப்பாசிரியரைச் சந்தித்து, இவற்றில் எது பயன்பட்டது என்று பேச நேரம் தருமாறு வேண்டுகிறேன்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தேதி குறிக்காத உதவி அரையாண்டுத் தேர்வுக்குள் மறந்துபோகும். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அலுவலகத்தில் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரிடமும் நல்லபடியாகப் பேசிக்கொண்டே இதையும் செய்யலாம். ஆசிரியர் மாறுவார், தலைமை ஆசிரியர் மாறுவார், நீங்கள் பேசியது அவர்களோடு போய்விடும், முத்திரை விழுந்த காகிதம்தான் பள்ளியிலும் உங்கள் கையிலும் மிஞ்சும்.

இனி மதிப்பீடு. இங்கே ரொம்பப் பேர் குழம்புவது அறிக்கை வேறு, சான்றிதழ் வேறு என்பதில். அறிக்கை என்பது உளவியலாளர் பிள்ளையோடு பல மணி நேரம் உட்கார்ந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு, நினைவாற்றல், அறிவுத்திறன் எல்லாவற்றையும் பார்த்து எழுதித் தருவது. எதில் பலம், எதில் சிரமம், வகுப்பில் என்ன செய்யலாம் என்று அதில் இருக்கும். அதைத் தருகிறவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (ஆர்சிஐ) பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், நல்ல உளவியலாளர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த எண் இல்லாத ஒருவரிடம் நாங்கள் முதலில் போய்ப் பணம் கட்டி வாங்கிய அறிக்கை எங்குமே எடுபடவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். சென்னைப் பக்கம் வர முடிந்தவர்களுக்கு முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வாசிப்புப் பயிற்சிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல வருடமாக வேலை செய்கிறது.

சான்றிதழ் என்பது அரசு தருவது, அதோடு யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வரும். ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று போதும், வீட்டில் கணினி இல்லாவிட்டால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம். கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதுக்கு மேல்தான் சான்றிதழ் தருகிறார்கள் என்பதால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அலைய வேண்டாம், ஆனால் வகுப்பறை உதவியை இன்றைக்கே கேட்கலாம். மருத்துவமனையில் கூப்பிடும் நாளன்று சாப்பாடு, தண்ணீர், பிள்ளைக்குப் பிடித்த ஏதாவது ஒன்று, பழைய நோட்டுகள், பரீட்சைப் பேப்பர், உளவியலாளர் அறிக்கை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். நாங்கள் காலை எட்டு மணிக்குப் போய் மதியம் இரண்டுக்குத்தான் உள்ளே போனோம். அதற்குள் பையன் தூங்கி வழிந்துவிட்டான், எழுதச் சொன்னதும் கண்ணில் தண்ணீர். 'சார், பத்து நிமிஷம் வெளியே நடத்திக் கூட்டி வரட்டுமா' என்று கேட்டேன், மருத்துவர் சரியென்றார். நீங்களும் கேட்கலாம். அட்டையில் செல்லுபடியாகும் காலம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், வளர வளர மறுமதிப்பீடு உண்டு. அது பத்தாம் வகுப்பு நடுவில் காலாவதியானால் சிக்கல்.

'கார்டு எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது என்ன சொல்வது' என்று எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பயம் நியாயமானதுதான். ஆனால் மூன்றாம் வகுப்பிலேயே அவன் மேல் ஒரு முத்திரை இருந்தது, 'மக்கு' என்று. வகுப்புப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், அவனும் நம்பினான். அதைவிட டிஸ்லெக்சியா என்ற சொல் ஆயிரம் மடங்கு நல்லது. அட்டை பீரோவில்தான் இருக்கிறது, தேவைப்படும் இடத்தில் மட்டும் வெளியே எடுக்கிறோம்.

பிள்ளை படிப்பது அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ என்றால், பள்ளியின் எமிஸ் பதிவில், அதாவது மாணவர் விவரங்களை ஏற்றும் கல்வித்துறையின் கணினிப் பதிவில், அவன் சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்று ஏற்றப்பட்டிருக்கிறானா என்று கேளுங்கள். ரொம்பச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் உதவிகளெல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான் வரும். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், பள்ளிகளுக்குச் சுற்றில் வருவார்கள். எந்த நாளில் வருகிறார் என்று தெரிந்துகொண்டு அன்று நேரில் போய்ப் பாருங்கள். பல பள்ளிகளைப் பார்க்க வேண்டிய அவருக்கு உங்கள் பிள்ளையின் முகம் நினைவில் நிற்க வேண்டும். மருத்துவ மதிப்பீட்டு முகாம், உபகரணங்கள், பள்ளிக்கு வந்து போகப் பயணப்படி, துணைக்கு வருபவருக்குப் படி, பெண் பிள்ளைகளுக்கு ஊக்கத்தொகை, நடக்க முடியாத பிள்ளைகளுக்கு இயன்முறைச் சிகிச்சை, பள்ளிக்கே வர முடியாதவர்களுக்கு வீட்டுவழிக் கல்வி எல்லாம் இந்த மையத்தின் வழியாகத்தான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இங்கேதான் முதலில் போக வேண்டும்.

தனியார் பள்ளிகளில் கதை வேறு. 'இங்கே வசதி இல்லை மேடம், வேறு நல்ல பள்ளி பாருங்கள்' என்று எங்களையும் ஒரு பள்ளியில் ஒருவர் சொன்னார். மறுபேச்சில்லாமல் டிசி வாங்கிக்கொண்டு வந்தோம், இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இப்போது தெரிந்தது அன்றைக்குத் தெரிந்திருந்தால் 'அதை எழுத்தில் கொடுங்கள்' என்று கேட்டிருப்பேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது, அதில் சொல்லியிருக்கும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது 16வது பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு இவற்றுக்கு 17வது பிரிவு. சேர்க்கையின்போது பிள்ளையைச் சோதித்து வடிகட்டக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 13வது பிரிவு. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ பெற்றோர் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை 31வது பிரிவில் இருக்கிறது. எந்தப் பள்ளி என்பது நம் விருப்பம், பள்ளி நம்மைச் சிறப்புப் பள்ளிக்குத் தள்ளிவிட முடியாது. இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பில் எடுக்க வேண்டாம், மூன்றாவது சந்திப்பில் தேவைப்படலாம்.

தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை என்றால் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), இருவருக்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ரசீது தருவார்கள், அந்த எண்ணை வைத்துப் பின்தொடரலாம். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்ய வழி உண்டு. எங்களுக்கு முதன்மைக் கல்வி அலுவலகம் வரை போக வேண்டி வந்தது, முத்திரை விழுந்த பழைய கடிதங்கள் கையில் இருந்ததால் அங்கே கால் மணி நேரத்தில் பேச்சு முடிந்தது.

பொதுத்தேர்வுக்கு வருவோம். பத்தாவதில் சலுகை வேண்டும் என்றால் ஒன்பதாவதிலேயே வேலையை ஆரம்பியுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும், அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஆணை தர வேண்டும். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு இவை முக்கியமானவை. சிபிஎஸ்இயில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல், மூன்று மணி நேரத் தேர்வுக்கு அதுவும் ஒரு மணி நேரம்தான். சதவீதம் 40க்குக் கீழ் வந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு அந்த அளவைக் காரணம் காட்டி எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021ல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மொழிப்பாட விலக்கை மட்டும் யோசித்துக் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு அதுதான் உயிர்நாடி, மறுக்கவே கூடாது. ஆனால் பின்னால் படிப்பிலோ வேலையிலோ அந்த மொழி கேட்கப்படலாம். நாங்கள் கூடுதல் நேரமும் எழுதுபவரும் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம், இப்போது அதற்குத்தான் பயிற்சி. சொல்லி எழுத வைப்பது தனி வித்தை, தேர்வறையில் முதல்முறையாகச் செய்ய முடியாது. முதல் தடவை என் மகன் கடகடவென்று ஒரு பத்தியையே ஒப்பித்துவிட்டான், எழுத உட்கார்ந்த அவன் அக்காவுக்கு இரண்டு வரிதான் எழுத முடிந்தது. இப்போது ஒரு வாக்கியம் சொல்வான், பேனா நிற்கும் வரை காத்திருப்பான், அப்புறம் அடுத்தது. 'புதுப் பத்தி', 'இதற்கு அடிக்கோடு' என்று சொல்லவும் பழகிவிட்டான். கணக்கில் படிகளை வாயால் சொல்வதுதான் இன்னும் கஷ்டம், அதற்கு வாரம் இரண்டு நாள் தனியாக உட்காருகிறோம். பள்ளியின் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலும் இதே ஏற்பாட்டைக் கேளுங்கள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வகுப்பாசிரியர் வருவார், எல்லாம் முதலில் இருந்து. அதற்காக ஒரே ஒரு பக்கம் தயார் செய்து முதல் வாரத்திலேயே கையில் கொடுத்துவிடுகிறேன். அவனுக்கு என்ன நன்றாக வரும், எதில் தடுமாறுவான், போன வருடம் எது பலன் தந்தது, எது தரவில்லை, என் போன் நம்பர். ஏழாம் வகுப்பு வரை நானே எழுதினேன். எட்டாவதில் இருந்து அவனையும் கேட்டு அவன் சொல்வதைக் கடைசி வரியாகச் சேர்க்கிறேன். இந்த வருடம் அவன் சொன்னது: 'போர்டை அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லிட்டு அழிங்க மிஸ்.'